முழங்கால் உயரம்

கூதிர் காலம் வந்து தங்கிவிட்டது. கார்மழைக்கு ஒரு பெருமிதம் உண்டு. இடி முழக்கித் தன் வரவை அறிவித்து, பெய்ய வேண்டியதைப் பெய்து, முறையாக விடைபெற்றுப் போகும். கூதிர்த் தூறலுக்கு அந்த மரியாதை தெரியாது. எப்போது தொடங்கியது, எப்போது ஓய்ந்தது என்று எவராலும் சொல்ல இயலாதபடி, பிழியாமல் உலர்த்திய துணிபோல வானம் நாள் முழுதும் சொட்டிக்கொண்டிருந்தது. காலைக்கும் மாலைக்கும் நடுவில் இருந்த வரம்பு அழிந்தது. பறவைகள் இறகை இறுக்கிக்கொண்டு கிளையோடு கிளையாக ஒடுங்கின. வாடை கதவிடுக்கில் நுழைந்து விளக்கின் சுடரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தது. பிரிந்திருப்போர் வீட்டை வழி விசாரித்துக்கொண்டு வரும் காற்று என்று பழைய புலவர்கள் இதைப் பாடினார்கள். அவர்கள் காதலனையும் காதலியையும் மனத்தில் வைத்துப் பாடியவர்கள். சம்பந்திகளை நினைத்திருக்க மாட்டார்கள்.

கண்ணாடிக்காரரின் மாடியறையைக் கண்டுபிடிக்க அந்தக் காற்றுக்கு விசாரணையே தேவைப்படவில்லை. கீழே கடை, மேலே அவர். மூக்குக் கண்ணாடி செய்து கொடுப்பது தொழில். பகலெல்லாம் யாராவது ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, சோதனைச் சட்டத்தில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, முதலில் காட்டியது தெளிவா, இப்போது காட்டுவது தெளிவா என்று கேட்டுக்கொண்டிருப்பார். கடையை அடைத்தபின் அவரை எதுவும் கேட்க ஆளில்லை. மனைவி மறைந்து பல ஆண்டுகள் ஆயின. ஒரே மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். மாடிப்படியில் ஏறும்போது சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை, பெரிய எழுத்திலிருந்து சிறிய எழுத்துவரை, வாய்க்குள் படித்துக்கொண்டே ஏறுவார். தம் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அது ஒரு வழி.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் அந்தக் குரலுக்கு வேலை இருந்தது. வியாழக்கிழமைதோறும் அவரும் அவருடைய சம்பந்தியும் கோல்ஃப் ஆடினார்கள்.

சம்பந்தி, அறுவைக்கு முன் நோயாளிக்கு மயக்கம் கொடுக்கும் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். மயக்க டாக்டர் என்றே ஊரில் பெயர். ஊசியே வேண்டாம், அவர் கோல்ஃப் விதிமுறை பேசத் தொடங்கினாலே ஆள் தூங்கிவிடுவான் என்று கிளப்பில் கேலி செய்வார்கள். விதிப் புத்தகத்தை அவர் திருமுறை ஓதுவார்போல ஓதியிருந்தார். கண்ணாடிக்காரரின் மகளுக்கும் டாக்டரின் மகனுக்கும் நிச்சயதார்த்தம் நடந்த அன்று, இரு வீட்டாரும் பேச்சற்று எதிரெதிரே உட்கார்ந்திருந்த சங்கடமான ஒரு பொழுதில், டாக்டர்தாம் முதலில் வாய் திறந்தார். வியாழக்கிழமைகளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கடைக்கு லீவு, சும்மாதான் இருப்பேன் என்றார் கண்ணாடிக்காரர். அடுத்த வியாழனன்றே அவர் கையில் ஒரு மட்டையைக் கொடுத்துப் புல்வெளியில் நிறுத்திவிட்டார் டாக்டர். கல்யாணத்துக்கு முன்பே சம்பந்திகள் ஒட்டிக்கொண்டார்கள்.

பிறகு பிள்ளைகள் பிரிந்தார்கள். ஏன் என்பது இரு தகப்பன்மாருக்கும் முழுதாகத் தெரியாது. யார்மேல் பிழை என்று பேசத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். ஆகவே அவர்கள் பேசவில்லை. விவாகரத்து வழக்கு நடந்த காலம் முழுதும் வியாழக்கிழமைகளில் காற்றின் திசையைப் பற்றியும் புல்லின் ஈரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டு, ஒருவர் பந்தை ஒருவர் தேடிக் கொடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

தீர்ப்பு வந்த அன்று மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"முடிஞ்சுதுப்பா."

"சாப்பிட்டியாம்மா?" என்றார் அவர். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவளும் சாப்பிட்டதாகச் சொன்னாள்.

மறுநாள் கிளப் செயலாளரிடமிருந்து அழைப்பு வந்தது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் உறவுக் கோப்பை என்று ஒரு போட்டி நடக்கும். இருவர் ஓர் அணி. ஒரே பந்தை இருவரும் மாறி மாறி அடித்துக் கொண்டுபோக வேண்டும். இரத்த வழியிலோ திருமண வழியிலோ இருவரும் உறவாக இருக்க வேண்டும் என்பதே அதன் ஒரே நிபந்தனை. தகப்பனும் மகனும் வருவார்கள், மாமனும் மருமகனும் வருவார்கள். சம்பந்திகள் என்று ஆண்டுதோறும் வந்தது இவர்கள் மட்டுமே. பெயர்களை வழக்கம்போலப் போட்டிருக்கிறேன், மாற்றம் எதுவும் இல்லையே என்று செயலாளர் உற்சாகமாகக் கேட்டார்.

கண்ணாடிக்காரர் கையில் அப்போது தேய்த்து முடித்த ஒரு வில்லை இருந்தது. அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே, மாற்றம் ஒன்றுமில்லை என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது பொய் என்று உறைத்தது. டாக்டருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? விதியில் ஒரு கமாவைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர். பொய்யால் கிடைத்த ஆட்டம் வேண்டாம் என்று திரும்பிப் போய்விடுவார். போனால், அந்த வியாழக்கிழமையும் அவரோடு போய்விடும். கட்டிய உறவு அறுந்தபின், இன்ன உரிமையில் என்னோடு நடந்து வாருங்கள் என்று அவரை எப்படி அழைப்பது? கோப்பையைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. இன்னும் ஒரு நாள், டாக்டரின் பக்கத்தில் தம் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அவ்வளவே அவர் ஆசை.

போட்டி நாளிலும் தூறல் விடவில்லை. கூட ஆடியவர்கள் அண்ணனும் தம்பியும். கிளப்பில் பங்காளிகள் என்றால் இவர்கள்தாம். தகப்பன் வீட்டுக்காக ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டு நெடுநாளாக நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருந்தார்கள். நேரில் பேச்சுவார்த்தை கிடையாது. கோப்பைக்கு மட்டும் தவறாமல் சேர்ந்து வருவார்கள். கொடியைப் பிடிக்கப்போகிறாரா இல்லையா என்று அந்த ஆளைக் கேளுங்கள் என்று தம்பி டாக்டரிடம் சொல்வான். அவருக்குக் கண் தெரியாதா என்று கேளுங்கள் என்று அண்ணன் கண்ணாடிக்காரரிடம் சொல்வார். இருவருக்கும் நடுவே தூது போவதிலேயே பாதி ஆட்டம் கழிந்தது.

கண்ணாடிக்காரர் சிரித்தார், ஆனால் காது வேறு ஒன்றுக்காகக் காத்திருந்தது. டாக்டர் காலையிலிருந்து அவரைச் சம்பந்தி என்று அழைக்கவில்லை. வந்தவுடன், வந்துட்டீங்களா என்றார். பந்து நன்றாகப் போனால் பலே என்றார். வழக்கமாக ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஆடும் அந்தச் சொல் இன்று எங்கும் தென்படவில்லை. தவிர்க்கிறாரா, அல்லது தாம்தான் இல்லாததைத் தேடுகிறோமா என்று அவருக்கு விளங்கவில்லை. கண் சோதனையில் இப்படிச் சிலர் உண்டு. தெரியும் எழுத்தையும் சந்தேகத்தால் தவறாகப் படிப்பார்கள்.

ஆட்டம் மட்டும் வஞ்சகமின்றி நன்றாக வந்தது. முன்னணியில் இருக்கிறார்கள் என்று வழியில் எதிர்ப்பட்டவர்கள் சொல்லிப் போனார்கள். அப்படியே குளத்தோரக் குழிக்கு வந்து சேர்ந்தார்கள்.

குளத்தைச் சுற்றிச் சிவப்பு முளைகள் அடித்திருந்தார்கள். முளைக்கு முளை நூல் பிடித்தாற்போல ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு உட்பட்டதெல்லாம் தண்டப் பகுதி. பந்து அதற்குள் போய்விட்டால், கிடந்த நிலையிலேயே அடிக்கலாம். அதற்குத் தண்டம் இல்லை. அடிக்க வழியில்லை என்றால் ஓர் அடியைத் தண்டமாக ஏற்றுக்கொண்டு வெளியே எடுத்து வைத்து ஆடலாம். அதற்கு நிவாரணம் என்று பெயர். தண்டம் இல்லாத நிவாரணமும் உண்டு. மனிதன் கட்டிவைத்த குழாயோ பெட்டியோ பாதையோ குறுக்கே நின்றால், பந்தை விலக்கி வைத்து ஆட விதி இடம் கொடுக்கும்.

முதல் அடி கண்ணாடிக்காரருடையது. பந்து எழும்போது நேராகத்தான் எழுந்தது. பிறகு வாடை அதன் தோளைத் தட்டித் திருப்பியது. அது குளத்துப் பக்கமாக வளைந்து, கரையில் இருந்த ஓர் இரும்புப் பெட்டிக்கு அருகே போய் விழுந்து நின்றது. குளத்து நீரை இறைக்கும் இயந்திரத்தை மூடிவைத்த பெட்டி அது. கண்ணாடிக்காரர் விரைந்து நடந்தார். பெட்டி மட்டையை வீச இடம் கொடுக்காது என்று கண்டார். மனம் குளிர்ந்து, குனிந்து, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

டாக்டர் அறுவை செய்த முட்டியோடு மெல்ல வந்து சேர்ந்தார்.

"எடுத்துட்டீங்களா?"

"பெட்டி இடிக்குது. ஃப்ரீதானே?"

"பெட்டி முளைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். சிவப்பு முளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றன. அவற்றைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தார்.

"சிவப்புக்கு உள்ள போயிட்டா பெட்டி என்ன, கோபுரமே குறுக்க நின்னாலும் சலுகை கிடையாது. வெளிய இருந்தாத்தான் அந்தப் பேச்சே," என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. நோயாளியின் உறவினரிடம் இன்னதுதான் நிலைமை என்று சொல்லிப் பழகிய குரல் அது.

அண்ணன் அருகே வந்து, பந்தைக் கையில் எடுத்தாகிவிட்டது, இனி ஓர் அடி போனது போனதுதானே என்று கேட்டார். போனதுதான் என்றார் டாக்டர். தண்டத்தை ஏற்றுக்கொண்டு, பந்து கடைசியாகக் கோட்டைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழியை நெருங்காமல், பந்தைக் கையிலிருந்து கீழே நழுவ விட வேண்டும். எந்த இடத்தில் கடந்தது என்று பந்தைத் தவிர எவருக்கும் துல்லியமாகத் தெரியாது. கண்ணுக்குப் பட்டதை வைத்து நேர்மையாகக் கணித்துச் சொன்னால் விதி அதை ஏற்கும். பின்னால் வேறு இடம் என்று தெரியவந்தாலும் பழி கிடையாது. கண்ணைப் பற்றிய தொழில் உங்களுடையது, நீங்களே சொல்லுங்கள் என்றார் டாக்டர். மழையில் சாய்ந்திருந்த ஒரு முளையைக் காட்டினார் கண்ணாடிக்காரர். பங்காளிகள் இருவரும் தனித்தனியே தலையாட்டினார்கள். அளந்து, எல்லை குறித்தார்கள்.

தண்டம் வந்தாலும் வரிசை மாறாது. அடுத்த அடி டாக்டருடையது. ஆனால் பந்தை இருவரில் யார் வேண்டுமானாலும் விடலாம். என் முட்டி இப்போதெல்லாம் என் பேச்சைக் கேட்பதில்லை, நீங்களே விடுங்கள் என்றார் டாக்டர். கண்ணாடிக்காரர் கையை நீட்டிப் பந்தை விட்டார். அது புல்லில் விழுந்து அசையாது நின்றது. டாக்டர் மட்டையைப் பந்துக்குப் பின்னால் அமர்த்தி, தோளைத் தளர்த்தி, குழியை ஒருமுறை பார்த்துக் கண்ணைத் தாழ்த்தினார்.

அப்போதுதான் கண்ணாடிக்காரர் தம் கையைக் கவனித்தார். அது இன்னும் தோள் உயரத்தில் நீண்டிருந்தது.

"நில்லுங்க," என்றார்.

மட்டை எழாமல் நின்றது.

"தோள்லேர்ந்து விட்டுட்டேன். பழைய ஞாபகம்."

முன்பெல்லாம் தோள் உயரத்திலிருந்துதான் பந்தை விடுவார்கள். விதி மாறி, முழங்கால் உயரம் என்று ஆகிச் சில ஆண்டுகள் ஆயின. மனம் மாறிவிட்டது, கை மாறவில்லை. டாக்டர் மட்டையை ஊன்றிக்கொண்டு, ஓசையில்லாமல் சிரித்தார்.

"நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். எனக்கும் தப்பாத் தெரியல பாருங்க. சரி, இன்னும் அடிக்கல. எடுத்துத் திருப்பி விடுங்க. அடிக்கறதுக்கு முன்னாடி திருத்திக்கிட்டா அதுக்குத் தண்டம் இல்ல. அடிச்சிட்டாத்தான்."

கண்ணாடிக்காரர் ஒரு முழங்காலை ஈரமண்ணில் ஊன்றிப் பந்தை எடுத்தார். எடுத்தவர் உடனே எழவில்லை. அங்கிருந்து பார்த்தால் டாக்டரின் சேறு படிந்த காலணிகள் மட்டுமே தெரிந்தன, முகம் தெரியவில்லை. அவருக்கு அது வசதியாக இருந்தது.

"செயலாளர் போன் பண்ணியிருந்தாரு," என்றார் காலணிகளைப் பார்த்து. "உறவுல மாற்றம் எதுவும் இருக்கான்னு கேட்டாரு. இல்லைன்னுட்டேன்."

காலணிகள் அசையவில்லை. பங்காளிகள் தொலைவில், ஒரே குடையின் கீழ், ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றார்கள்.

"எப்ப கேட்டாரு?"

"தீர்ப்பு வந்த மறுநாள்."

"என்னையும் அன்னைக்குத்தான் கேட்டாரு." டாக்டர் மட்டையைக் கை மாற்றிக்கொண்டார். "நானும் அதையேதான் சொன்னேன்."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். டாக்டரின் கண்ணாடியில் தூறல் படிந்து, கண்கள் தெரியவில்லை. கமாவை விட்டுக்கொடுக்காத மனிதர் மழையில் தலைகுனிந்து நின்றார்.

"நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றார் கண்ணாடிக்காரர்.

"நீங்க ஏன் சொன்னீங்களோ..." என்று தொடங்கிய டாக்டர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியும் இருக்கவில்லை.

கண்ணாடிக்காரர் எழுந்து, முதுகை வளைத்து, முழங்கால் உயரத்தில் கையை நிறுத்திப் பந்தை விட்டார். அது மெல்ல உருண்டு எல்லைக்குள்ளேயே நின்றது. சரியாக விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். அவர் அடித்த அடி சுமாராகப் போயிற்று. அதைத் தொடர்ந்து கண்ணாடிக்காரர் அடித்ததும் சுமார்தான். அந்தக் குழியை முடித்துக்கொண்டு நடக்கும்போது, ஆட்ட அட்டையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் செயலாளரிடம் சொல்லிவிடலாம் என்றார் டாக்டர். சரி என்றார் கண்ணாடிக்காரர். அதற்கப்புறம் வந்த குழிகளில் இருவரும் இளைஞர்கள்போல ஆடினார்கள். இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்றானதும் கைக்கு எங்கிருந்தோ ஓர் அழகு வந்து சேர்ந்தது. கடைசிக் குழியில் தொலைவிலிருந்து உருட்டிய பந்து உள்ளே விழுந்தபோது பங்காளிகள்கூட ஒரே நேரத்தில் கைதட்டிவிட்டு, அதற்காக வெட்கப்பட்டார்கள்.

கிளப் கூடத்தில் ஈரக் குடைகளின் வாடை நிறைந்திருந்தது. செயலாளர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும், கோப்பையை இன்று எந்த வீட்டில் வைப்பீர்கள், உங்கள் வீட்டிலா சம்பந்தி வீட்டிலா என்று கேட்டுச் சிரித்தார். டாக்டர் அட்டையை மேசைமேல் வைத்தார், பேனாவைத் தொடவில்லை. அறுவை அறைக்கு வெளியே நின்று பேசுவதுபோல, சுருக்கமாக, தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார்.

செயலாளரின் பிஸ்கட் தேநீருக்குள் உடைந்து விழுந்தது. நல்ல மனிதர் அவர். விழுந்ததைக் கரண்டியால் தேடிக்கொண்டே, எப்படியாவது இவர்களை உள்ளே வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று யோசித்தார். யோசித்தவர் முகம் மலர்ந்தது.

"பேரன் பேத்தின்னு யாராவது இருந்தாப் போதும் சார். இரத்த வழியில வந்துரும், யாரும் கேள்வி கேக்க முடியாது. இருக்காங்கல்ல?"

டாக்டர் சன்னல் பக்கம் திரும்பினார். பேரக்குழந்தை வருவதாக ஒரு சேதி ஒருகாலத்தில் வந்தது. இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் இனிப்பு வாங்கினார்கள். பிறகு அந்தச் சேதியே பொய்த்துப்போயிற்று. அந்த வீடு உடையத் தொடங்கியது அதற்குப் பிறகுதானோ என்று கண்ணாடிக்காரர் பலமுறை நினைத்ததுண்டு.

"இல்ல," என்றார் கண்ணாடிக்காரர்.

செயலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு பலகையில் இருந்த அவர்கள் பெயர்களின் மேல் மெல்லிய கோடு ஒன்று போட்டார். ஓரத்தில் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்த மூத்த பங்காளிக்கு மனம் பொறுக்கவில்லை. நாங்கள் வருஷக்கணக்காக நீதிமன்றத்தில் நிற்கிறோம், எங்களை யாரும் உறவில்லை என்று சொல்லவில்லையே என்று பொதுவாகக் கூடத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கொஞ்சம் சும்மா இருண்ணே," என்றான் தம்பி.

அன்று அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட பேச்சு அது ஒன்றுதான். கோப்பையும் அவர்களுக்கே போயிற்று.

வண்டி நிறுத்தும் இடத்தில் இருவரும் மட்டும் நின்றார்கள். டாக்டரின் கண்ணாடி மூக்கில் வழுக்கி வழுக்கி இறங்கியது. விரலால் மேலே தள்ளிக்கொண்டே இருந்தார்.

"கண்ணாடியைக் கொடுங்க," என்றார் கண்ணாடிக்காரர்.

சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் குட்டித் திருப்புளியை எடுத்து, காரின் மேற்கூரை விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு, காதுக் கம்பியின் ஆணியை முறுக்கத் தொடங்கினார். கண்ணாடி இல்லாத டாக்டரின் முகம் தூக்கத்திலிருந்து எழுப்பிய முகம்போல இருந்தது. எதிரே நிற்பவர் முகம் தமக்கு ஒரு மங்கலாக மட்டுமே தெரியும் என்பதை அறிந்தவராக, அந்த மங்கலைப் பார்த்து அவர் பேசினார்.

"வீட்ல உங்க பேச்சை எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. உங்க மேல கோபம் ஒண்ணும் இல்ல. உங்க பேரைக் கேட்டாலே மருமக ஞாபகம் வருதாம், அழறாங்க. வீட்டுக்கு வாங்கன்னு நான் உங்களைக் கூப்பிட முடியாது."

"தெரியும்."

"நீங்க கூப்பிட்டாலும் வர முடியாது."

"தெரியும்."

"இந்த ஒரு நாளாவது போகட்டும்னுதான் மாற்றம் இல்லைன்னேன். இனிமே என்ன சாக்குச் சொல்லி உங்களைப் பாக்கறதுன்னு எனக்குத் தெரியல."

ஆணி முறுகி நின்றது. கண்ணாடிக்காரர் வில்லைகளை வாயால் ஊதி, மென்துணியால் துடைத்து, வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு கடைக்கு வருபவர்களுக்குச் செய்வதுபோலத் தாமே இரு கைகளாலும் அதை டாக்டரின் காதுகளில் மாட்டி, மூக்கில் அமர்த்தினார்.

"எப்படி இருக்கு? தளர்வா இருக்கா, பிடிக்குதா?"

"சரியா இருக்கு."

"வியாழக்கிழமை எனக்குக் கடை லீவு," என்றார் கண்ணாடிக்காரர்.

டாக்டருக்கு இப்போது எதிரே இருந்த முகம் தெளிவாகத் தெரிந்தது. அதைச் சற்றுநேரம் பார்த்தார்.

"மழை பெஞ்சா?"

"குடை இருக்கு."

டாக்டர் தலையசைத்தார். முட்டியைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு காரில் ஏறினார், வரேன் என்றார், போனார். சம்பந்தி என்ற சொல் வரவில்லை. இனி அது வராது என்பதும் கண்ணாடிக்காரருக்கு விளங்கியது. அதை இருவரும் அந்தக் குளக்கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வியாழக்கிழமை வரும்.

பேருந்தில் வந்து இறங்கி, கடையின் இரும்புக் கதவைத் தூக்கி, உள்ளிருந்து இறக்கிப் பூட்டினார். அந்தி இருட்டில் எழுத்துப் பலகையின் பெரிய எழுத்து ஒன்று மட்டும் தெரிந்தது. அதைப் படிக்காமலே மாடி ஏறினார். அறையில் வாடை அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. சன்னலை இழுத்துச் சாத்தினார். ஈரச் சட்டையை மாற்றினார். முழங்காலில் காய்ந்திருந்த குளத்து மண்ணைக் கழுவப் போனவர், ஏனோ கழுவாமல் திரும்பினார்.

சுவரின் மாடத்தில் இறைவனின் படம் ஒன்று இருந்தது. அதன் கண்ணாடி மழையீரத்தால் பூத்துப்போயிருந்தது. வில்லை துடைக்கும் மென்துணியை எடுத்து, மூலையிலிருந்து மூலைக்கு, வாடிக்கையாளரின் கண்ணாடியைத் துடைக்கும் அதே பொறுமையோடு துடைத்தார். திருமுகம் தெளிந்தது. அகலில் எண்ணெய் வார்த்து, திரியைத் தூண்டி, விளக்கை ஏற்றினார். மனைவி இருந்த காலத்தில் மாலைதோறும் மெல்லிய குரலில் பாடும் ஒரு பதிகம் உண்டு. அதைக் கரகரத்த தம் குரலில், அடி பிறழாமல், இறுதிவரை பாடினார்.

பிறகு வேண்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் பிரிந்த நாளிலிருந்து அவருடைய வேண்டுதல் மகளின் பெயரோடு நின்றுபோயிருந்தது. அதற்கு முன் அந்தப் பெயரை அடுத்து இன்னொரு பெயர் வரும். அந்த இடம் வந்ததும் அவர் வாயை மூடிக்கொண்டு எழுந்துவிடுவது வழக்கமாயிற்று. இன்று எழவில்லை. மண் படிந்த முழங்காலைத் தரையில் ஊன்றி, நெற்றி நிலத்தில் படக் கிடந்தார். மகளின் பெயரைச் சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டு, மருமகனாக இருந்தவனின் பெயரையும் சொன்னார். அவனைப் பெற்றவள் அழாமல் உறங்க வேண்டும் என்றார். அவனைப் பெற்றவரின் முட்டி நோகாமல் இருக்க வேண்டும் என்றார். விளக்கின் சுடர் சாயாமல் நின்றது.

எழுந்து கைகூப்பியபடி, வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு கூரைகளின் கீழ் இருக்கும் அந்தப் பிள்ளைகள் இருவரையும் நோக்கி, அறையில் யாரும் இல்லாவிட்டாலும் கேட்கும்படியாகவே சொன்னார்:

"நல்லா இருங்க. ரெண்டு பேரும் அவங்கவங்க இடத்துல, மனசு ஆறி, நல்லா இருங்க."